சண்பகராயர் கை நனைத்த மழை

முன்னொரு காலத்திலே நொச்சிப்பட்டணம் என்கிற நகரத்தை முத்துவீர பூபதி என்று ஒரு ராசா ஆண்டு வந்தார். நல்ல ராசாதான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி.

அவருக்கு ஒரே மகன், திருவரங்கன். அதே நகரத்தில் தெற்கு வீதியில் இருந்த தளபதி வில்லவனின் மகள் செங்கமலத்தை மகனுக்குக் கட்டிவைக்க ராசாவுக்கு ஆசை. தை மாதம் யானை, மேளதாளத்தோடு பெண் கேட்கப் போனார்.

"யோசித்துச் சொல்கிறோம், மகாராசா" என்றார் தளபதி.

பெண் வீட்டில் யோசித்துச் சொல்கிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

ராசாவுக்கு முகம் சுண்டிப்போச்சு. "என் பிள்ளைமேல் குறை கிடையாது, பருவம்தான் சரியில்லை" என்று அவரே முடிவு கட்டிக்கொண்டு சபையைக் கூட்டினார். "இந்த நகரத்தில் பெண் கேட்க எந்தப் பருவம் ஐயா நல்ல பருவம்?"

சண்பகராயர் முந்திக்கொண்டார். இவர் சபையில் பெரிய மனிதர். மந்திரி அம்பலவாணர் விரலில் கிடக்கும் முத்திரை மோதிரத்தின்மேல் அவருக்கு ரொம்ப நாளாக ஒரு கண்.

"இளவேனில்தான் மகாராசா! மாம்பூ வாசனை, குயில் பாட்டு. கல்லும் கரையும்!"

சித்திரையில் சண்பகராயர் முன்னே நடக்க ஊர்வலம் போச்சு. பெண் வீட்டு வாசலில் பந்தல். ராசா விசிறிக்கொண்டே கேட்டார். தளபதியும் விசிறிக்கொண்டே, "யோசித்து..." என்று இழுத்தார். அவ்வளவுதான்.

திரும்பி வந்த ராசா கொதித்துப் போயிருந்தார். "மந்திரியாரே, நீர் ஏன் வாயே திறக்கவில்லை?"

"கேட்டால் சொல்கிறேன். ஐப்பசி அடைமழையில் போகலாம், மகாராசா. யானை வேண்டாம், மேளம் வேண்டாம். நாலு பேர் நடந்து போனால் போதும்."

சண்பகராயர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மேளத்துக்குப் பதில் தவளை கத்துமோ? மகாராசா, மந்திரியாருக்கு வயசாகிவிட்டது. மோதிரம் கனக்கிறது போல!"

"சரி" என்றார் ராசா. "ஐப்பசியிலேயே போவோம். காரியம் ஆகாவிட்டால் அந்த மோதிரம் சண்பகராயர் விரலுக்குப் போகும். சம்மதமா?"

மந்திரி மோதிரத்தை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டார். "சம்மதம்."

ஐப்பசி வந்தது. ராசா, இளவரசர், மந்திரி, சண்பகராயர் நாலு பேரும் கிளம்பினார்கள். தெற்கு வீதி போவதற்குள் தொப்பலாக நனைந்துவிட்டார்கள். வீட்டுக்குள் ஏறினார்களோ இல்லையோ, வாய்க்கால் உடைத்துக்கொண்டு வீதியில் முழங்கால் அளவு தண்ணீர். இனி எங்கே திரும்புவது?

"ஐயோ, ஈரத்தோட நிக்காதீங்க!" என்று தளபதி மனைவி உலர்ந்த வேட்டிகள் எடுத்து வந்தார். தட்டு நிறைய முறுக்கும் கொண்டுவந்து வைத்தார். ஒருவரும் தொடவில்லை. சம்பந்தம் முடிவாகிற வரைக்கும் பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது, அதாவது சாப்பிடக் கூடாது. அது ராசாவுக்கும் பொது, ஆண்டிக்கும் பொது.

மழை விடவில்லை. அடுக்களையில் மிளகு ரசம் தாளிக்கிற வாசனை கூடத்துக்கு வந்தது. ராசாவின் வயிறு சபையில் பேசுகிற மாதிரி பேசியது. விருந்தாளி சாப்பிடாமல் வீட்டுக்காரர் சாப்பிட முடியுமா? எல்லாரும் பட்டினி. சும்மா எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருப்பது! பேச்சு வந்தது.

"வில்லவா, என் பிள்ளைக்கு என்ன குறை?" என்றார் ராசா.

"குறை சொல்ல நாங்க பார்க்கவே இல்லையே மகாராசா. ரெண்டு தடவையும் யானையைத்தான் பார்த்தோம்."

அப்போது ஓட்டு இடுக்கில் தண்ணீர் ஒழுகியது. பக்கத்தில் இருந்த இளவரசர் ஒரு பாத்திரத்தைத் தூக்கி அதன் கீழே பிடித்துக்கொண்டு நின்றார். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். "கீழே வெச்சா போதும். கையில பிடிக்கணும்னு இல்ல."

"கீழே வெச்சா சத்தம் வருதுங்க. பெரியவங்க பேசிட்டு இருக்காங்க" என்றார் இளவரசர்.

கதவுக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. தளபதியும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆனாலும் சம்மதம் என்று சொல்லவில்லை. மந்திரி மோதிரத்தைத் திருகிக்கொண்டே இருந்தார்.

எல்லாரும் அமைதியாக இருந்த அந்த நேரத்தில், தூணுக்குப் பின்னால், 'கடக்!'

திரும்பிப் பார்த்தால் சண்பகராயர். வாயில் பாதி முறுக்கு, கையில் பாதி முறுக்கு.

மந்திரி துள்ளி எழுந்தார். "மாப்பிள்ளை வீட்டார் கை நனைத்தாச்சு! அப்படியென்றால் சம்பந்தம் முடிவாச்சு!"

"இல்லை, இல்லை!" என்று அலறினார் சண்பகராயர். "இது முறுக்கு! காய்ந்த பண்டம்! பாருங்கள், கை நனையவே இல்லை!" என்று கையை எல்லாருக்கும் நீட்டிக் காட்டினார்.

கதவு திறந்தது. செங்கமலம் ஒரு செம்போடு வந்தாள். நீட்டின கையில் தண்ணீரை ஊற்றினாள்.

"இப்ப நனைஞ்சிருச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிட்டாள்.

ராசா சிரித்த சிரிப்பில் மழைச் சத்தமே கேட்கவில்லை. தளபதி மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு இலை போடப் போனார்.

சாப்பிடும்போது ராசா கேட்டார், "மந்திரியாரே, சண்பகராயர் முறுக்கு தின்பார் என்று உமக்கு முன்னமே தெரியுமா?"

"யாராவது ஒருத்தருக்குப் பசிக்கும் என்று தெரியும் மகாராசா. வெயில் காலத்தில் விருந்தாளி வாசலோடு பேசிப் போய்விடுவார். மழைக்காலத்தில்தான் வீட்டுக்குள்ளே வருவார். உள்ளே வந்தால்தானே மனுஷரை மனுஷர் பார்க்க முடியும்?"

ராசா தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். பிறகு சண்பகராயர் பக்கம் திரும்பினார். "இந்தச் சம்பந்தத்தை முடித்து வைத்தவர் நீர்தான். கல்யாணப் பந்தியில் கடைசி ஆள் எழுந்திருக்கிற வரைக்கும் எல்லாருக்கும் கை கழுவத் தண்ணீர் ஊற்றுகிற கௌரவம் உமக்கே!"

கல்யாணம் நடந்தது, அவரும் ஊற்றினார். நொச்சிப்பட்டணத்தில் பெண் இருக்கிற வீடுகளில், அடைமழை பிடித்தால் இன்றைக்கும் உலையில் ஒரு கைப்பிடி அரிசி கூடத்தான் போடுவார்களாம்.