வாத்தோட நடந்த கொட்டாங்குச்சி

இப்படி ஒட்டி உக்காரு. காலை என் மடியில நீட்டிக்க. கண்ணு சொக்குதா? சொக்கட்டும், "ம்" மட்டும் கொட்டிட்டே இரு.

ஒரு ஊர்லன்னு சொல்ல முடியாது, ஊர் ஊரா போற ஒரு பொம்பள இருந்தா. பேரு தனக்கோடி. புருஷன் ஏழுமலை. ரெண்டு பேருக்கும் வாத்து மேய்க்கிற வேலை, மொத்தம் இருநூத்தி நாப்பது வாத்து. அப்பல்லாம் அறுப்பு முடிஞ்ச வயல்ல தண்ணி நிக்கும், உதிர்ந்த நெல்லு கிடக்கும். அதைத் தின்ன வாத்துங்க குவாக் குவாக்னு தெருவை அடைச்சுட்டு வரும். நாங்க பல்லு வெளக்குறதை விட்டுட்டு ஓடுவோம் பாக்க. அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு.

"ம்."

தனக்கோடிகிட்ட ஒரு நாய்க்குட்டி. கொட்டாங்குச்சி அளவுதான் இருக்கும், பேரும் கொட்டாங்குச்சி. தாய் நாய் லாரியில அடிபட்டுப் போச்சு. அப்போ இவதான் குட்டியை வாத்துக் குஞ்சுக் கூடையில போட்டு வளத்தா.

ஒரு நாள், விடிஞ்சா அடுத்த ஊருக்குப் போகணும். நடுவுல தாய் நாய் அடிபட்ட அதே லாரி ரோடு. குட்டியோ கண்ட பக்கம் பாயும். ஏழுமலை கறாரா சொல்லிட்டான்.

"இந்தா புள்ள, கயித்துல ஒழுங்கா நடந்தா வரட்டும். இல்லன்னா இங்கயே விட்டுரு."

"பால்குடி மறக்காததை யார்கிட்ட விடுவேன்?"

"அப்போ நடக்கக் கத்துக் குடு."

அந்தப் பக்கம் போன மாட்டுவண்டிக்காரரைக் கேட்டா. அவர் சொன்னாரு, "கன்னுக்குட்டி மாதிரிதாம்மா. முன்னாடி நின்னு இழு, தானா வரும்."

இழுத்தா. குட்டி சப்புன்னு உக்காந்துடுச்சு. சர்ர்ர்ர்னு தேய்ஞ்சுட்டே வந்துதே ஒழிய எழுந்திரிக்கல. அப்புறம் கருவாட்டைக் காட்டி இழுத்தா. லபக்! தின்னுட்டு மறுபடி உக்காந்துடுச்சு. அப்புறம் பக்கத்துல மேஞ்ச ஆட்டோட சேத்துக் கட்டினா. ஆடு புளியமரத்தைச் சுத்த, குட்டி ஆட்டைச் சுத்த, கீங் கீங் கீங்!

ஏழுமலை வயித்தைப் பிடிச்சுட்டுச் சிரிச்சான். "மரத்தை நல்லாக் கட்டிட்ட. இனிமே அது எங்கயும் ஓடாது!"

அவ சிரிக்கல. அன்னிக்குச் சோறும் எறங்கல.

தூங்கிட்டியா?

"ம்ஹூம்."

விடிஞ்சுது. கூட்டம் கிளம்பிடுச்சு. தனக்கோடி நீளக் கோலை எடுத்துட்டு வாத்துங்களுக்குப் பின்னாடி போய் நின்னா. நின்னவ, படார்னு நெத்தியில அடிச்சுக்கிட்டா.

"அட என் புத்தியே! இத்தனை வருஷத்துல ஒரு வாத்தையாவது முன்னாடி நின்னு இழுத்திருக்கேனா?"

உடனே கயித்தைத் தளர விட்டு இடுப்புல கட்டிக்கிட்டா. குட்டியைக் கடைசி வாத்துக்குப் பின்னாடி விட்டா. அதுக்கும் பின்னாடி இவ. கோலால தரையில தட்டினா, டொக்... டொக்... வாத்துங்க நடந்துச்சு. கொட்டாங்குச்சியும் குடுகுடுன்னு நடந்துச்சு!

அப்புறம் ரோடு வந்துது. பாதி கடக்கறப்போ ஒரு லாரி. கிரீச்சுனு நின்னுடுச்சு, ஆனா ஹாரன் நிக்கல. பாஆஆம்! பாஆஆம்! குட்டி நடு ரோட்டுல உக்காந்துடுச்சு.

"இழுடி!"ன்னு கத்தினான் ஏழுமலை.

அவ இழுக்கல. பின்தங்கின வாத்துக்குத் தட்டுற மாதிரி, டொக்... டொக்... குட்டி காதைத் தூக்குச்சு. வாத்துங்களைப் பாத்துச்சு. குடுகுடுகுடுன்னு ஓடி அந்தக் கரை சேந்துடுச்சு!

"ம்!"

ஆனா ஏழுமலை லேசுல மசிவானா? "இன்னிக்கு நடந்துச்சு சரி. தினம் நடக்குமா? பாப்போம்"னான்.

பொழுது சாயறப்போ வாத்துங்களை வலைக்குள்ள அடைக்கணும். வாசல்ல நின்னு ஒவ்வொண்ணா எண்ணி விடுவான் ஏழுமலை. அப்படி எண்ணி உள்ள விட்ட உசுரை வழியில விட்டுட்டுப் போறது அவங்க சனத்துல கிடையாது. தனக்கோடி பின்னாடி இருந்து ஓட்டி விட்டா.

"இருநூத்தி முப்பத்தெட்டு... முப்பத்தொம்போது... நாப்பது... நாப்பத்தொண்ணு..."

நாப்பத்தொண்ணு வாலை ஆட்டுச்சு.

"எண்ணிட்டேல்ல?"ன்னு கேட்டுட்டு, தனக்கோடி சட்டுனு வலையை மூடிட்டா.

நீயும் கண்ணை மூடு.