தாழியை மூடியவர்

மெய்யப்ப அடிகளும் அவருடைய மாணவர் கைலாசமும் தெற்கு நோக்கி யாத்திரை சென்றார்கள். மாணவர் ஆசிரியரைவிட வயதில் மூத்தவர். இறந்துபோன மனைவி செண்பகத்தின் அஸ்திக் கலயத்தைத் துணிப்பையில் சுமந்து வந்தார். பேருந்தில் சன்னலோரம் அந்தப் பைக்குத்தான்.

அஸ்தியைக் கரைக்கப் பவானியில் இறங்கியபோது, கூட்டம் அதிகம் என்றார் கைலாசம். திருச்சியில் தண்ணீர் கலங்கல் என்றார். வைகையில் தண்ணீரே இல்லை என்றார். ஒவ்வொரு முறையும் அடிகள் அடுத்த பேருந்தில் ஏறினார்.

தாமிரபரணிக் கரையை அடைந்த அன்று, வழியிலிருந்த அருங்காட்சியகத்துக்குள் அடிகள் நுழைந்தார்.

"பெரியவரே, பைய இங்கன வச்சிட்டு டோக்கன் வாங்கிக்கிடுங்க. உள்ள என்ன, அல்வாவா?" என்றார் காவலர்.

"என் மனைவி."

காவலர் எழுந்து நின்றார். "கொண்டு போங்க, ஐயா."

உள்ளே, கண்ணாடிக்குப் பின்னால் மூடியுடன் ஒரு முதுமக்கள் தாழி இருந்தது. உடைந்த பக்கத்தின் வழியே ஒரு பெண்ணின் எலும்புகள் தெரிந்தன. அருகில் சிறு கிண்ணங்கள், நெல் உமி, ஒரு செம்பு வளையல்.

கைலாசத்தின் முகம் மலர்ந்தது.

"பார்த்தீர்களா, ஐயா! இவளை யாரும் ஆற்றில் கரைக்கவில்லை. சோறும் வளையலும் வைத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறார்கள். மூவாயிரம் ஆண்டாக இங்கே இருக்கிறாள். நான் மட்டும் ஏன் ஒரு நொடியில் விட்டுவிட வேண்டும்?"

அப்போது அவருடைய கைபேசி ஒலித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு அழைப்பைத் துண்டித்தார்.

"யார்?"

"மகள் தேவகி. தினமும் இதே தொல்லை. எப்போது வருவீர்கள் என்பாள்."

அடிகள் தாழியருகே குனிந்தார்.

"இதற்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள்?"

"ஒருத்திதான், ஐயா."

"மூடியை வைத்தது யார்?"

"கணவனாக இருக்கலாம்."

"அவர் எங்கே?"

கைலாசம் கண்ணாடியில் நெற்றி படும்படி சாய்ந்து உள்ளே தேடினார். கிண்ணங்களுக்கு இடையிலும் தேடினார்.

"இங்கே இல்லையே, ஐயா."

கைபேசி மறுபடியும் ஒலித்தது. கைலாசம் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆசிரியரைப் பார்த்தார்.

"இருக்கமாட்டார்," என்றார் அடிகள். "மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே பிள்ளைகள் சாப்பிடாமல் காத்திருந்தார்கள்."