படகுக்குத் தெரியாத பெயர்கள்

மழை விட்டும் வெள்ளம் வடியவில்லை. ஆஸ்பத்திரியின் கணினி அறையில் தணிகைவேலு கொதித்துக்கொண்டிருந்தார். கணக்குப் பிரிவில் தலை நரைத்தபின் தரவுத்தளம் கற்க வந்தவர் அவர். கற்றுக்கொடுத்த ரெஹானாவுக்கு அவர் மகள் வயது.

அன்று காலை அவர் ஒரு தற்காலிக அட்டவணையை உருவாக்கியிருந்தார். டயாலிசிஸ் தவறவே கூடாத நோயாளிகளில், தண்ணீர் சூழ்ந்த தெருக்களில் மாட்டிக்கொண்டவர்களை மட்டும் பொறுக்கி அதில் நிரப்பினார். பிறகு, தன் கணினியில் பட்டியலைப் பார்த்துப் படகுகளை அனுப்பும் பிலோமினாவுக்குப் போன் செய்தார்.

"எல்லாம் ரெடி. திறந்து பாருங்க."

"அப்படி ஒரு டேபிளே இல்லைன்னு வருது சார்."

"நல்லாப் பாருங்கம்மா."

"பார்த்துட்டேன் சார். இல்ல."

அவருக்குச் சுர்ரென்று ஏறியது. "இங்க என் கண்ணு முன்னாடி இருக்கு! உங்களுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? உயிர் போற நேரத்துல இல்ல, இல்லங்கிறீங்க!"

போனை அறைந்து வைத்தார்.

சத்தம் கேட்டு ரெஹானா வந்தாள். பக்கத்துக் கணினியைக் காட்டி, "இதுல தேடுங்க சார்" என்றாள்.

தேடினார். அட்டவணை இல்லை என்றது திரை. தன் மேசைக்கு ஓடினார். அங்கே எல்லாப் பெயரும் அப்படியே இருந்தன.

"என்ன விளையாட்டு இது?"

"தற்காலிக அட்டவணை சார். உருவாக்கினவரோட இணைப்புக்குள்ள மட்டும்தான் இருக்கும். வேற யாருக்கும் தெரியாது. நீங்க அந்த இணைப்பை விட்டு வெளியே வந்தா அதுவும் அழிஞ்சிடும்."

"இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

"முதல்ல பேரையெல்லாம் நிரந்தர அட்டவணைக்கு மாத்துங்க. அப்புறம் என்னைத் திட்டுங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு, எல்லாரும் பார்க்கக்கூடிய நிரந்தர அட்டவணை ஒன்றை உருவாக்கினார். பெயர்களை அதில் கொட்டினார். போன் அடித்தது.

"வந்துருச்சு சார். படகு கிளம்புது." பிலோமினா டக்கென்று போனை வைத்துவிட்டாள்.

மதியத்துக்குள் எல்லாரையும் கொண்டுவந்து சேர்த்தார்கள். கடைசிப் படகில் வந்த பெண்ணுக்கு முகமெல்லாம் வீங்கி மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. ஸ்ட்ரெச்சர் உள்ளே போகும்வரை தணிகைவேலு வாசலிலேயே நின்றார். அப்போதும் அவருக்குக் கோபம் அடங்கவில்லை. பக்கத்தில் நின்ற ரெஹானாவிடம் திரும்பினார்.

"நீங்களே சொல்லுங்க மேடம். நான் சொன்னதுல என்ன பொய்? இத்தனை பேரும் என் கண்ணு முன்னாடி இருந்தாங்களா, இல்லையா? இல்லைன்னு பிலோமினா சொன்னா கோபம் வராதா?"

"பொய்யே இல்ல சார். எல்லாரும் உங்க கண்ணு முன்னாடிதான் இருந்தாங்க" என்றாள் ரெஹானா. "படகு அந்தம்மாகிட்ட இருந்துச்சு."