நாலு நிமிஷப் பசை

"ஏழு ஜோடி செஞ்சாச்சு டீச்சர். ஏழும் விழுந்துட்டு."

குத்தாலிங்கம் ஏழு ஜோடிக் கூடுகளையும் மேஜையில் வரிசையாக வைத்தார். காது மிஷினை உள்ளே பதித்துக் காதுக்குள் செருகிக்கொள்ளும் கூடுகள். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நுனி அளவு. எல்லாம் அவர் மனைவி ஆவுடையம்மாளின் காதுக்காக அவரே செய்தவை.

ஜெபமலர் டீச்சர் ஒன்றையும் கையில் எடுக்கவில்லை.

"எப்ப விழுது அண்ணாச்சி?"

"எப்பவும்தான்."

"எப்பவும் விழுற சாமானைக் காதுல வைக்கவே முடியாதே. வச்ச பிறகுதானே விழுது. எப்பன்னு பாத்துட்டு வாங்க."

இந்தக் கதையில் சீடருக்கு வயது ஐம்பத்தெட்டு. குருவுக்கு முப்பத்திநாலு. தாடி கிடையாது, காவி கிடையாது. பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக்கடை மாடியில், காது மிஷின் பொருத்திக் கொடுக்கும் பத்துக்குப் பத்து அறை. ஒரு சுழல் நாற்காலி, காதுக்குள் பார்க்க ஒரு விளக்கு, பசை கலக்க ஒரு கண்ணாடித் தட்டு. ஆசிரமம் அவ்வளவுதான்.

குத்தாலிங்கம் முப்பது வருஷம் பல் செட் கட்டியவர். டவுனில் பாதிப் பேர் தன் பல்லால்தான் சிரிக்கிறார்கள் என்று சொல்லிக்கொள்வார். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு.

இரண்டு வருஷம் முன்பு ஆவுடைக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது காதுகளையும் கொண்டு போய்விட்டது. கடையில் வாங்கிய மிஷினை ஒரு மாதம் போட்டுப் பார்த்தாள். குத்தியது, நழுவியது. டப்பாவில் போட்டு மூடிவிட்டாள்.

ஊருக்கே பல் பொருத்துகிறவனுக்குப் பெண்டாட்டி காதுக்கு ஒரு கூடு பொருத்தத் தெரியாதா என்று குத்தாலிங்கத்துக்கு ரோஷம் வந்தது. தொழில் பழக இங்கே வந்து சேர்ந்தார்.

ரோஷம் வெளியே சொன்ன காரணம். உள்ளே இருந்தது ஏக்கம்.

முன்பெல்லாம் ஆவுடை காலைக் காப்பியில் பேச ஆரம்பித்தால் விளக்கணைக்கும் வரை நிறுத்த மாட்டாள். "கொஞ்சம் வாயை மூடுட்டி" என்று இவர் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்வார். இப்போது வீட்டில் மின்விசிறிச் சத்தம் கேட்கிறது. அடுக்களையிலிருந்து அவள் ஏதாவது கேட்க வேண்டும், இவர் பதில் சொல்ல வேண்டும், அது காதில் விழுந்து அவள் எதிர்ப்பேச்சுப் பேச வேண்டும். அவருக்கு வேறு ஆசையே இல்லை.

டீச்சரிடம் அவருக்கு எல்லாம் பிடிக்கும், ஒன்றைத் தவிர. டீச்சர் வாயாடி.

அச்சு எடுக்கும் முறை எளிதானது. காதுக்குள் நூல் கட்டிய பஞ்சு வைத்து, இரண்டு களிம்பைக் கலந்து பசையாக்கி, ஊசியில்லாத சிரிஞ்சால் நிரப்ப வேண்டும். நாலு நிமிஷத்தில் இறுகிவிடும். நூலைப் பிடித்து எடுத்தால் காதின் உள்வடிவம் அப்படியே வரும். அந்த அச்சை வைத்துத்தான் கூடு.

அந்த நாலு நிமிஷத்தில்தான் டீச்சர் வம்பளப்பாள். பசை நிரப்புவதற்கு முன்னால் வந்தவரிடம் ஏதாவது ஒன்றைக் கேட்டு வைப்பாள். எந்த பஸ்ஸில் வந்தீங்க, மருமகள் எப்படி, நேத்து என்ன குழம்பு. அவர்கள் காதில் பசையோடு வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பார்கள். இவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். வேலை நேரத்தில் இதென்ன பேச்சு என்று குத்தாலிங்கம் மனசுக்குள் முணுமுணுப்பார்.

வீட்டில் அவர் அந்தக் குறையைத் திருத்திக்கொண்டார். ஆவுடைக்கு அச்சு எடுக்கும்போது ஈ பறக்கிற சத்தம் கூடக் கிடையாது.

எப்போது விழுகிறது என்று பார்த்து வரச் சொன்னால், அவர் பார்க்கவில்லை. எட்டாவது ஜோடி செய்தார். கெட்டியாகப் பிடிக்கட்டும் என்று மேலே ஒரு பூச்சு கூடுதலாக ஏற்றினார்.

எட்டாம் நாள் வந்தார். நடையே வேறு மாதிரி இருந்தது.

"நின்னுட்டு டீச்சர். ஒரு வாரமா விழலை."

"மதினி என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலை."

"நல்லாருக்குன்னு சொன்னாங்களா?"

"தலையாட்டினா."

"வலிக்குதுன்னு?"

"சொல்லலையே."

"சரி, இந்த ஒரு வாரமா என்னதான் பேசினாங்க?"

குத்தாலிங்கம் யோசித்தார். திங்கள் நினைவுக்கு வந்தது, செவ்வாய் வந்தது. தான் பேசியதெல்லாம் வந்தது. பேப்பர் வாசித்துக் காட்டியது, அவள் கேட்டுத் தலையாட்டியது. அவள் சொன்னதாக ஒரு சொல் கூட வரவில்லை.

"நாளைக்கு இங்க வராதீங்க" என்றாள் டீச்சர். "வேலையும் செய்யாதீங்க. வீட்டுல உக்காந்து மதினியைப் பாருங்க."

"எதைப் பாக்கணும்?"

டீச்சர் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டாள்.

மறுநாள் அவர் அடுக்களை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். ஆவுடை ஏன் என்பது போலப் பார்த்தாள். சும்மாதான் என்று கை காட்டினார்.

காலையில் அவள் இட்லி தின்னவில்லை. கஞ்சி குடித்தாள். மத்தியானம் அவருக்கு அப்பளம் பொரித்து வைத்தாள். அப்பளம் என்றால் உயிரை விடுகிறவள், தனக்கு ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. ரசத்தில் சோற்றைக் கரைத்துக் குடித்தாள்.

பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் வந்து ஏதோ சொன்னாள். ஆவுடை உதட்டைப் பிரிக்காமல் சிரித்தாள். கேட்டதற்கெல்லாம் கையாலேயே பதில் சொன்னாள். கொட்டாவி வந்தபோது கூட முகத்தை இறுக்கி விழுங்கிக்கொண்டாள்.

அவர் எழுந்து தண்ணீர் எடுக்க உள்ளே போனார். தரையில் எண்ணெய் சிந்தியிருந்ததைப் பார்க்கவில்லை.

"ஏங்க, பாத்து!"

இரண்டு வருஷத்தில் அந்தக் குரலை அவ்வளவு சத்தமாக அவர் கேட்டதில்லை. கேட்ட சந்தோஷத்தில் வழுக்கியே விழப் பார்த்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது, ஆவுடையின் இடது காதிலிருந்து கூடு கழன்று, உருண்டு, அரிவாள்மணைக்கு அடியில் போய் நின்றது.

அவள் குனிந்து எடுத்தாள். முந்தானையில் துடைத்தாள். காதின் உள்ளே புண்ணாகிச் சிவந்திருந்தது. அங்கேயே திரும்பச் செருகப் போனாள்.

அவர் கையைப் பிடித்தார். என்னட்டி இது என்று காதைக் காட்டினார். ஏன் பேச மாட்டேங்கே என்று வாயைக் காட்டினார்.

அவள் வலது காதிலிருந்ததையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். அப்புறம்தான் வாயைத் திறந்தாள்.

"பேசினா கழண்டுருது. மென்னாலும் கழண்டுருது. கழண்டா நீங்க பேசுறது கேக்க மாட்டேங்கு. ரெண்டுல ஒண்ணுதான் முடியும்போல. நீங்க பேசுறதாவது கேக்கட்டும்னு வாயை மூடிக்கிட்டேன்."

அவர் நின்றபடியே அழுதார். அவளுக்கு அது கேட்கவில்லை. ஆனால் தெரிந்தது.

"வலியெல்லாம் ஒண்ணுமில்ல" என்றாள்.

சாயங்காலமே டீச்சரிடம் ஓடினார். ஆணி அடித்தாற்போல வாசலில் நின்றார்.

"பேசும்போது விழுது டீச்சர்."

டீச்சர் கையில் இருந்த வேலையைக் கீழே வைத்தாள்.

"அச்சு எடுக்கும்போது மதினிகிட்ட என்ன சொன்னீங்க?"

"வாயை மூடு, பல்லைக் கடிச்சுக்கோ, அசையாதன்னு சொன்னேன்."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"பல் செட்டுக்கு அப்படித்தான டீச்சர். முப்பது வருஷமா எல்லாரையும் அப்படித்தான் சொல்லுதேன். கடிச்ச வாக்குல எடுத்தாத்தான் அளவு நிக்கும்."

டீச்சர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை.

"சுண்டுவிரலைக் காதுல வைங்க. இன்னும் உள்ள. ஆங். இப்ப வாயை மூடுங்க."

மூடினார்.

"இப்ப மதினி பேரைச் சொல்லுங்க."

குத்தாலிங்கம் விழித்தார். முப்பத்தொரு வருஷத்தில் அவர் மனைவியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஏட்டி, இந்தா, ஏ பிள்ள, இப்படித்தான் ஓடியிருந்தது. காதில் விரலோடு, கீழே மருந்துக்கடைக்காரருக்குக் கேட்டுவிடுமோ என்று ஒரு தடவை படிக்கட்டைப் பார்த்தார்.

"ஆவுடை" என்றார்.

விரல் அசைந்தது. அவர் அசைக்கவில்லை. தாடை இறங்கி ஏறியபோது காதுக்குள்ளே சுவர் ஒன்று நகர்ந்து விரலை வெளியே தள்ளியது.

"ஆவுடை" என்று இன்னொரு தடவை சொன்னார். மறுபடி தள்ளியது.

விரலை எடுத்து வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சுழல் நாற்காலியில் வந்து உட்கார்ந்த எத்தனை பேர் காதில் பசையோடு குழம்புக் கதை பேசியிருப்பார்கள் என்று நினைத்தபோது, டீச்சரை வாயாடி என்று நினைத்ததற்கு வெட்கமாக இருந்தது.

"இப்பவே போய் எடுத்துருதேன் டீச்சர்."

"புண்ணு ஆறட்டும். பத்து நாளு அவங்க காதுல எதையும் வைக்கக் கூடாது. பதினோராம் நாள் நான் வந்து காதைப் பாத்து சரின்னு சொன்ன பிறகு எடுங்க."

"பத்து நாளா?" என்றார் குத்தாலிங்கம்.

"பத்து நாள்."

அந்தப் பத்து நாளும் வீட்டில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். இப்போதுதான் காதில் ஒன்றும் இல்லையே, பேசேன் என்று கையால் கெஞ்சிப் பார்த்தார். "பதில் கேக்காம என்னத்தப் பேச?" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அதை வைத்துக்கொண்டு அவர் இரண்டு நாள் ஓட்டினார்.

மிச்ச நாளெல்லாம் தனக்குள் ஒத்திகை பார்த்தார். நாலு நிமிஷம் அவள் பேச வேண்டும். என்ன கேட்டால் பேசுவாள்? எந்த பஸ் என்று கேட்க முடியாது. என்ன குழம்பு என்று கேட்க முடியாது, அவர்தான் தின்றவர்.

பதினோராம் நாள் டீச்சர் வீட்டுக்கே வந்தாள். விளக்கடித்து இரண்டு காதையும் பார்த்தாள். "ஆறிட்டு" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டாள்.

குத்தாலிங்கம் வாசல் வரை ஓடினார்.

"என்ன கேக்கட்டும் டீச்சர்? எதைக் கேட்டா நாலு நிமிஷம் பேசுவா?"

"முப்பத்தொரு வருஷம் கூட இருந்தவரு நீங்க. எங்கிட்டயா கேக்கீங்க?"

போய்விட்டாள்.

ஆவுடையை ஜன்னல் பக்கம் உட்கார வைத்தார். பஞ்சை வைத்தார். தட்டில் பசையைக் கலக்கும் முன்பு ஒரு சிலேட்டை எடுத்தார். எழுதினார், அழித்தார், திரும்ப எழுதினார். அவள் மடியில் வைத்தார்.

'வாயை மூடுன்னு நான் சொன்னப்பல்லாம் நீ என்ன சொல்ல வந்த?'

ஆவுடை வாசித்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். மறுபடி வாசித்தாள்.

அவர் இரண்டு காதிலும் பசையை நிரப்பினார். எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்தார். பேசு என்று கை காட்டினார்.

"கல்யாணத்தன்னிக்கி உங்க வேட்டி பின்னால கிழிஞ்சிருந்துச்சு" என்றாள் ஆவுடை. "சொல்ல வந்தேன். சும்மா இருன்னுட்டிய. அப்படியே ரதவீதி பூரா நடந்தாச்சு."

அவளே சிரித்தாள். வாய் விட்டு, பல் தெரிய, தாடை குலுங்கச் சிரித்தாள். குத்தாலிங்கம் காதுகளைப் பார்த்தார். பசை அசைந்து கொடுத்தது.

"நம்ம வாசல்ல வேப்பங்கண்ணு வச்சப்ப, சுவரை ஒட்டி வேண்டாம்னு சொல்ல வந்தேன். கேட்டியளா? இப்ப சுவரு வெடிச்சுக் கிடக்கு. அப்புறம் எங்க அம்மா செத்த பதினாறாம் நாளு ராத்திரி ஒண்ணு சொல்ல வந்தேன். என்னன்னு மறந்துட்டு. சொல்ல வந்தது மட்டும் நெனவிருக்கு."

கடிகாரத்தில் மூன்று நிமிஷம் ஆகியிருந்தது.

"காய்ச்சலப்ப கூட, மூணாம் நாளு, காதுக்குள்ள ஒரே இரைச்சலா இருக்குன்னு சொல்ல வந்தேன். நீங்க யாருக்கோ அரத்தால பல்லு ராவிக்கிட்டு இருந்திய. அப்புறம் சொல்லுன்னிய."

அவள் குரலில் குற்றம் எதுவும் இல்லை. வேப்பங்கன்றைச் சொன்னது போலவே அதையும் சொன்னாள்.

"அப்புறம்?" என்றார் குத்தாலிங்கம். அவளுக்குக் கேட்காது என்பது அவருக்கு மறந்துவிட்டது.

அவள் அவர் உதட்டைப் பார்த்துவிட்டு மேலே சொன்னாள். காக்காய்ச் சத்தம் முதலில் போனது, அப்புறம் குக்கர் விசில் போனது, கடைசியாகத்தான் அவருடைய இருமல் போனது. அது போனபோதுதான் அழுதாளாம். அதற்குப் பிறகு ஒரு சேலையைப் பற்றிச் சொன்னாள், அவர் தங்கச்சி சொன்ன ஒரு சொல்லைப் பற்றிச் சொன்னாள், ஒரு கனவைச் சொன்னாள். ஜன்னலில் இருந்த வெயில் தரைக்கு இறங்கியது.

பேச்சின் நடுவில் ஆவுடை கையை உயர்த்திக் காதைத் தொட்டுப் பார்த்தாள்.

"பசை இறுகிட்டுதாங்க?"

கல்லாக இறுகி அரை மணி நேரம் ஆகியிருந்தது.

குத்தாலிங்கம் இல்லை என்று தலையாட்டினார்.