ஆகும் பின்னால் போய் நின்ற கதை

அந்தக் காலத்தில் மரம் பேசியது, மான் பேசியது என்றெல்லாம் கேட்டிருப்பீர்கள். அதற்கும் முன்னால், சொற்களே கை கால் முளைத்து நடமாடிய காலம் ஒன்று இருந்தது. வடக்கே, ஏரியெல்லாம் பாறையாக உறைந்துபோகும் பனிக்காட்டில், தெனே என்ற பழங்குடி மக்களோடு அவையும் தோல் கூடாரங்களில் குடியிருந்தன.

அவற்றில் பெரிய ஆள் ‘ஆகும்’. அவர்கள் பேச்சில் அவனுக்கு வேறு பெயர். நம் வாய்க்கு வசதியாக ஆகும் என்றே வைத்துக்கொள்வோம். இது நரி ஆகும், அது நெருப்பு ஆகும் என்று அவன் சொன்னால்தான் எந்தப் பொருளும் அந்தப் பொருளாக நிற்கும். அதனால் ஐயாவுக்குத் தலைகால் புரியாது. கரடித்தோல் அங்கியைப் போர்த்திக்கொண்டு, நெருப்புக்குப் பக்கத்தில் நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்துவிடுவான். வேட்டைக்காரர்களோடு நாள் முழுக்க ஓடும் ‘வந்தது’, ‘போனது’ போன்ற பொடிசுகளைப் பார்த்து, “ஓடுங்க ஓடுங்க, ஓடத்தானே பிறந்தீங்க!” என்று சிரிப்பான். யார் பின்னாலும் போய் நிற்க மாட்டேன் என்று ஒரு வீராப்பு வேறு.

ஒரு குளிர்காலம் பனிமான் கூட்டம் வரவே இல்லை. மானை நம்பித்தான் அங்கே அடுப்பும் உடுப்பும். உலர்த்திவைத்த மீனும் தீர்ந்துகொண்டு வந்தது. அப்போது எட்சே என்ற வேட்டைக்காரன் கிழக்கு ஏரிக்கரையில் குளம்புத் தடங்களைக் கண்டான். மானைக் காணவில்லை, தடத்தைத்தான் கண்டான். ஆனாலும் பசி வேகத்தில் ‘வந்தது’வைக் கூட்டிக்கொண்டு ஓடிவந்து, “மான் வந்தது! மான் வந்தது!” என்று கத்திவிட்டான்.

அவர்களிடம் ஒருவன் ‘வந்தது’ என்றால் கண்ணால் பார்த்துவிட்டான் என்று அர்த்தம். யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. கூடாரங்களைப் பிரித்து, பிள்ளைகளைச் சுமந்துகொண்டு எல்லோரும் கிழக்கே நடந்தார்கள். போய்ப் பார்த்தால் அங்கே வெறும் காற்று. தடத்தின் விளிம்பெல்லாம் இறுகிக் கல்லாகிக் கிடந்தது. என்றைக்கோ போன மான்! நடந்த நடையில் மிச்ச மீனும் தீர்ந்துபோனது. எட்சே குன்றிப்போனான். ‘வந்தது’ முகத்தில் விழிக்கவே ஆளில்லை.

எட்சேயின் அக்கா நாதே கைக்குழந்தைக்காரி. அவளுக்குப் பால் வற்றிக்கொண்டிருந்தது. முயலுக்குக் கண்ணி வைக்கப் போனவள், வடக்குப் பள்ளத்தில் வேறொரு தடத்தைப் பார்த்தாள். தொட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது, புதுத் தடம். பக்கத்தில் இன்னும் உறையாத புழுக்கை. ஆனால் மானை அவளும் பார்க்கவில்லை.

திரும்பி வந்தவள் வாயைத் திறக்க முடியாமல் தவித்தாள். மான் வந்தது என்று சொன்னால் பொய், நம்பவும் மாட்டார்கள். சொல்லாமல் இருந்தாலோ பிள்ளை போய்விடும். நேரே ஆகும் முன்னால் போய் நின்றாள்.

“அண்ணே, எழுந்து வாங்க. ‘வந்தது’ பின்னால நீங்க நிக்கணும்.”

“பின்னாலயா? நானா? அந்தப் பொடிப்பயல் பின்னாலயா?”

“அவன் தனியா வந்தா நான் பார்த்தேன்னு ஆயிடுமே! நான் பார்த்தது தடமும் புழுக்கையும்தான். எது எதுன்னு நிதானிச்சுச் சொல்றவர் நீங்க. நீங்க கூட இருந்தா, இவ கண்டதைச் சொல்லல, தடத்தை வச்சுச் சொல்றான்னு புரிஞ்சுக்குவாங்க.”

ஆகும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். திருப்பிய பக்கம் குழந்தை கிடந்தது. அது வாயைத் திறந்து திறந்து மூடியது, சத்தமே வரவில்லை. ‘நாளைக்கு இதைப் பார்த்து, இது பிணம் ஆகும் என்று நானல்லவா சொல்ல வேண்டிவரும்!’ என்று நினைத்தான்.

“சரி, நட தாயி,” என்று எழுந்தான்.

‘வந்தது’ முதுகில் தொற்றிக்கொள்ளப் பார்த்தால், கரடித்தோல் அங்கி இழுத்தது. கழற்றி வீசினான். அடேயப்பா, உள்ளே இருந்த ஆள் வெறும் சுள்ளி! ‘வந்தது’ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

“சிரிக்காதேடா, போ,” என்றான் ஆகும்.

நாதே எல்லோர் முன்னாலும் போய், “மான் வந்ததாம்,” என்றாள்.

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அப்படி ஒரு பேச்சை அவர்கள் கேட்டதே இல்லை.

“பார்த்தியாக்கா?” என்றான் எட்சே.

“இல்லைடா. இதைத்தான் பார்த்தேன்,” என்று புழுக்கையை அவன் உள்ளங்கையில் வைத்தாள். நசுக்கிப் பார்த்தான்; மெத்தென்று இருந்தது. இந்தத் தடவை அவன் கத்தவில்லை, கூடாரத்தைப் பிரிக்கச் சொல்லவும் இல்லை. ஈட்டியை எடுத்துக்கொண்டு தான் மட்டும் வடக்கே போனான். பொழுது சாய்வதற்குள் தோளில் இறைச்சியோடு வந்து, “மான் வந்தது!” என்றான். ‘வந்தது’ அவன் கூடவே, தனியாக, தலைநிமிர்ந்து நடந்து வந்தான்.

வேலை முடிந்தது என்று ஆகும் தன் அங்கியைத் தேடிப் போனான். நாதே அதில்தான் குழந்தையைச் சுற்றிப் படுக்கவைத்திருந்தாள். திருப்பிக் கேட்க அவனுக்கு மனம் வரவில்லை.

அன்று முதல்தான் அந்தப் பனிக்காட்டில், கண்ணால் காணாத ஒன்றைச் சொல்லும்போதெல்லாம் ஆகும் ஒல்லியாக, சின்னதாக, இன்னொரு சொல்லின் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறான். நம் பேச்சிலும் ‘ஆம்’ என்று அவன் உறவுக்காரன் ஒருவன் இதே வேலையைத்தான் பார்க்கிறான். பின்னே, நான் மட்டும் கூட இருந்து பார்த்தேனா என்ன? பால் குடித்துவிட்டு, அந்தக் கரடித்தோலுக்குள் குழந்தை நிம்மதியாகத் தூங்கியதாம்.