கொக்கு விழுங்கிய பாதி

இந்தக் கதையில் பாதியை விட்டுவிடுவேனோ என்று எனக்கு ஒரே பயம். விட்டால் எருமை பிழைக்காது.

காட்டுக் குட்டை ஒன்றில் பூரணம் என்ற எருமை கிடந்தது. கிடந்தது என்றால் கிடந்ததுதான். பசித்தால் கழுத்தை மட்டும் நீட்டும். அதன் முதுகில் ஒரு மைனா இருந்தது. எருமை நடந்தால் புல்லிலிருந்து வெட்டுக்கிளிகள் கிளம்பும். அதுதான் மைனாவுக்குச் சாப்பாடு.

கோடையில் குட்டை வற்றத் தொடங்கியது. ஆறு இரண்டு மைல் தள்ளி இருந்தது. எல்லாருக்கும் காலில் பலம் வேண்டுமே என்று கரடி வைத்தியர் கொக்கிடம் ஒரு செய்தி சொல்லி அனுப்பினார்.

கொக்கு கரையில் நின்று கத்தியது. "தினமும் குட்டையை முப்பது சுற்று சுற்றுங்கள்! வைத்தியர் உத்தரவு! முடியாதவர்கள்..."

அப்போது ஒரு கெண்டை துள்ளியது. கொக்கு லபக்கென்று பிடித்தது.

"முடியாதவர்கள் என்ன ஆவார்கள்?" என்று எருமை நடுங்கியது.

"க்ளுக்!" என்றது கொக்கு.

"ஐயோ, க்ளுக்கா!"

மறுநாள் எருமை எழுந்து அரைச் சுற்று நடந்தது. மூச்சு வாங்கியது. "இன்னும் இருபத்தொன்பதரை! எனக்கு க்ளுக்தான்" என்று படுத்துவிட்டது.

மைனாவுக்கு வயிறு காய்ந்தது. "எழுந்திரு அக்கா!"

"போடி! பறக்கிறவளுக்கு என்ன தெரியும்!"

மைனா கொக்கிடம் பறந்தது. "அண்ணே, முடியாதவர்கள் என்ன செய்யணும்?"

"முடிந்த மட்டும் நடக்கணும். அதுவும் பலன்தான். அன்றைக்கே சொன்னேனே!"

"க்ளுக் என்றுதான் சொன்னீங்க!"

மைனா திரும்பி வந்தது. "அக்கா, முப்பதை விடு. அந்த எருக்கஞ்செடி வரை வா."

"அவ்வளவுதானா?"

"முடிந்த மட்டும் போதுமாம்! வைத்தியரே சொன்னாராம்!"

எருமை போனது. மைனாவுக்கு நான்கு வெட்டுக்கிளி கிடைத்தது. மறுநாள் புற்று வரை. அதற்கடுத்த நாள், மைனா சொல்லாமலே மூங்கில் புதர் வரை.

குட்டை பாளம் பாளமாக வெடித்த அன்று, எருமை வழியில் ஏழு இடத்தில் நின்று நின்று, ஆற்றைப் பிடித்துவிட்டது. தொபுக்கடீர் என்று விழுந்தது! அங்கே வந்திருந்த கொக்கு, துள்ளிய மீனைக் கவ்விக்கொண்டே பேசத் தொடங்கியது.

"எல்லாழும் கேழுங்க..."

"முதலில் விழுங்கு! பிறகு பேசு!" என்று எருமை கத்தியது.

எவ்வளவு செய்ய வேண்டும் என்று சொல்கிறவர், கொஞ்சம் செய்தாலும் நல்லது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் கேட்கிறவர் படுத்துவிடுவார். அதனால்தான் நானும் கடித்த முறுக்கைத் தட்டில் வைத்துவிட்டு இதைச் சொன்னேன்.