பல் இல்லாத முதலை

மடுவோரத்து மரத்தில் இருந்த மந்தி, படம் வரைவதில் கெட்டிக்காரி. காட்டில் வழங்கிய பழைய கதைகளைத் தேக்கிலைகளில் முள்ளால் கீறிப் படமாக வரையும். இலைகளை நாரால் தைத்துப் புத்தகமாக்கிக் குட்டிகளுக்குக் கொடுக்கும்.

முதலைக் கதையும் அவற்றில் ஒன்று. தண்ணீர் குடிக்கப் போன மான்குட்டியை முதலை பிடித்துத் தின்றுவிடும். அவ்வளவுதான் கதை. கடைசிப் படத்தில் முதலையின் வாய் நிறையப் பற்கள்.

ஒரு நாள் பெண்மான் ஒன்று அந்தப் புத்தகத்தோடு வந்தது.

"மந்தியக்கா, இதைப் பார்த்ததிலிருந்து என் மகள் பொட்டு புல்லைத் தொட மாட்டேன் என்கிறாள். முடிவைக் கொஞ்சம் மாற்றித் தாயேன்."

"காலங்காலமாகச் சொல்லிவரும் கதையாயிற்றே."

"இருக்கட்டும் அக்கா. பச்சைக் குழந்தைக்குப் பல்லைக் காட்டித்தான் ஆகவேண்டுமா?"

மந்திக்கு மனம் இளகிவிட்டது. பிள்ளை பட்டினி கிடந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? கடைசி இலையைப் பிய்த்துப் போட்டு வேறு இலை தைத்தது. அதில் முதலை வாயை மூடிக்கொண்டு சிரித்தது. மான்குட்டி அதன் முதுகில் சவாரி போனது.

பொட்டு சிரித்தது. வயிறாரத் தின்றது. மற்றத் தாய்மார்களும் மந்தியைத் தேடி வந்தார்கள். எல்லாப் புத்தகங்களிலும் முதலைக்குப் பல் போயிற்று. மடுவில் கிடந்த முதலைக்கு மட்டும் போகவில்லை.

கோடை வந்தது. ஓடைகள் வற்றின. மானும் பொட்டுவும் மடுவுக்கு வர வேண்டியதாயிற்று.

"இங்கேயே நில்லு. நான் முதலில் பார்த்துவிட்டு வருகிறேன்" என்றது தாய்.

"எதற்கம்மா பயம்? நம் புத்தகத்து மாமாதானே!" என்று பொட்டு இறங்கி ஓடியது. நீரோரத்தில் நின்று, "மாமா, என்னை முதுகில் ஏற்றிக்கொள்வீர்களா?" என்று கேட்டது.

முதலைக்கு ஒன்றும் புரியவில்லை. இத்தனை வருஷத்தில் எந்த மானும் அதனிடம் இப்படிக் கேட்டதில்லை.

"அதற்கென்ன, கிட்டே வா கண்ணு" என்றது.

தாய் ஓடி வருவதற்குள், கலங்கிய தண்ணீர் அடங்கிவிட்டது.

மறுநாள் மான் மரத்தடியில் வந்து நின்றது. மந்தியால் அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நான் மாற்றியிருக்கக் கூடாது" என்றது மந்தி.

"நான் கேட்டிருக்கக் கூடாது." மான் பொட்டுவின் புத்தகத்தைக் கீழே வைத்தது. "இதை வேறு குட்டிக்குக் கொடுக்க வேண்டும். பல்லை வரை, அக்கா. ஒன்றுகூட விடாதே."

பிள்ளைகள் அழக் கூடாதென்று கதையில் பல்லைப் பிடுங்கினால், காட்டில் இருக்கும் பல்லுக்கு அவர்களைப் பறிகொடுக்க நேரும்.